கடல் குளியலுக்கு வாடகைக் காப்புடை: எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

மலேசியாவின் ஆயேர் தாவார் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான 30 பிள்ளைகளையும் 12 தாய்மார்களையும் பங்கோர் தீவுக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லவிருக்கிறீர்கள். ஜெல்லி மீன் கொட்டாமலும் வெயில் சுடாமலும் காக்கும் முழு உடலுடையை ஆளுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்குத் தருவதாகப் பயண முகவர் சொல்லியிருக்கிறார். அதை எடுக்கலாமா, எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும், டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கேர்ன்சுக்குப் போகும் உங்கள் அக்கா குடும்பத்துக்கும் இதே பதில் பொருந்துமா என்பவை உங்கள் கேள்விகள். நான் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினாறு ஆண்டுகள் லூமுட்டிலும் பங்கோரிலும் ஸ்நோர்க்கல் படகுகளில் வேலை பார்த்தவன். அந்த உடைகளை ஆட்களுக்கு அளந்து கொடுப்பதும், மாலையில் திரும்ப வாங்கித் துவைத்துக் காயப்போடுவதும் என் பொறுப்பாக இருந்தன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உடை வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் முகவர் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவரும் உடைகளை அளவு பார்க்காமல் படகுத்துறையில் வைத்துப் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தால், அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். உடலோடு ஒட்டி நிற்காத காப்புடை காப்பதில்லை. காப்பதாக ஒரு நம்பிக்கையை மட்டும் தருகிறது, அந்த நம்பிக்கையில் பிள்ளை இன்னும் சற்று ஆழத்துக்குப் போய்விடுகிறது.

நம் ஊர்க்காரர்கள் ஜெல்லி மீன் என்று ஒரே பெயரில் சொல்வதை மீனவர்கள் இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். பிடித்து உப்பிட்டு விற்கும் வகையை ஓபோர்-ஓபோர் என்பார்கள். கொட்டும் வகையை அம்பாய் என்பார்கள். பெரும்பாலான கொட்டுகள் சில மணி நேர எரிச்சலோடும் சவுக்கால் அடித்தது போன்ற தழும்போடும் முடிந்துவிடும். ஆனால் பெட்டி வடிவ உடல் கொண்ட ஜெல்லி மீன்களும் நம் தீபகற்பத்தைச் சுற்றிய கடலில் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் லங்காவியில் கடலில் இறங்கிய ஐரோப்பியச் சுற்றுப்பயணி ஒருவர் கொட்டுப்பட்டு இறந்தார். பெட்டி ஜெல்லி மீனின் உடல் ஏறக்குறைய நிறமற்றது. பங்கோரின் கலங்கிய பச்சைத் தண்ணீரில், பக்கத்தில் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பார்த்து விலகிக்கொள்ளலாம் என்று எண்ணிக் கடலில் இறங்குவது, இருட்டில் செம்பனை வரிசைக்குள் செருப்பில்லாமல் நடப்பதற்கு ஒப்பானது.

மெல்லிய துணி எப்படி இதைத் தடுக்கிறது என்று உங்கள் தாய்மார்கள் நிச்சயம் கேட்பார்கள். ஜெல்லி மீனின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் சுருண்டு கிடக்கும் ஒரு நுண்குழல், தோலின் தொடுதலையும் தோலில் உள்ள வேதிப்பொருளையும் உணர்ந்த கணத்திலேயே வெளியே பாய்ந்து நஞ்சை இறக்குகிறது. இதே கூட்டத்தைச் சேர்ந்த நன்னீர் உயிரியான ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சலை அளந்தபோது, அதன் முதற்கட்டம் 700 நானோநொடிகளில் முடிந்தது. இவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தக் குழலின் நீளம் மிகச் சிறியது. நைலானும், இழுத்தால் நீண்டு சுருங்கும் லைக்ரா என்ற மீள்நூலும் கலந்து நெருக்கமாகப் பின்னிய துணி இடையில் இருந்தால், அது தோலின் மணத்தையும் மறைத்துவிடுகிறது, குழல் தோலை எட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. இத்தகைய உடைகள் பரவலாகக் கிடைப்பதற்கு முன், ஆஸ்திரேலிய மாநிலமான குயின்ஸ்லாந்தின் கடற்கரைக் காவலர்கள் பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறைகளையே காலிலும் கையிலும் மாட்டிக்கொண்டு நீரில் இறங்கியிருக்கிறார்கள். அதனால் துணியின் தடிமனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த இடம் மூடாமல் விடப்படுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், முதுகுச் சங்கிலி (ஜிப்) ஆகிய நான்கு இடங்களில்தான் வாடகை உடைகள் ஏமாற்றுகின்றன. பழைய உடையில் கழுத்துப் பட்டை தளர்ந்து, குனிந்தால் உள்ளே கை நுழையும் அளவுக்கு வாய் திறந்து நிற்கும். அந்த வழியாக ஓர் இழை உள்ளே போய்விட்டால் அது வெளியே வர வழியில்லை. உடை அதைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பிள்ளை பதறிக் கையால் தேய்க்கத் தேய்க்க வெடிக்காமல் மிச்சமிருந்த உறைகளும் வெடிக்கும். தொளதொளத்த உடை உடையே இல்லாததைவிடக் கெட்டது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆகவே உடையை அணிவித்த பிறகு பிள்ளையை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அப்போது மணிக்கட்டில் தோல் தெரியக் கூடாது. பிறகு குந்தி உட்காரச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேல் துணி ஏறக் கூடாது, முதுகுச் சங்கிலி பிரியக் கூடாது. கட்டைவிரலை நுழைக்கும் வளையம் உள்ள உடை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் நீந்தும்போது கை மேலேறாமல் காப்பது அந்தச் சிறு வளையம்தான். அளவை வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள். நம் பிள்ளைகளில் பத்து வயதில் ஐந்தடி வளர்ந்தவனும் இருக்கிறான், நாலடியைத் தொடாதவளும் இருக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுதி முகவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலை வாங்க மறுக்கும் முகவரிடம் போதுமான அளவுகள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

துணியின் ஆயுளைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. உடையின் முழங்கால் பகுதியையும் உட்காரும் பகுதியையும் இரு கையாலும் இழுத்துச் சூரியனுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ, விட்ட பிறகு துணி பழைய நிலைக்குச் சுருங்காமல் அலையலையாக நின்றாலோ, அதன் மீள்நூல் இற்றுப்போய்விட்டது என்று பொருள். நீச்சல் குளத்துக் குளோரினும், சூட்டில் காயப்போடும் பழக்கமும் அந்த நூலை அரித்துவிடும். அப்படிப்பட்ட உடை கொட்டையும் தடுக்காது, வெயிலையும் தடுக்காது.

துவைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது என் கையிலேயே எழுதியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், காலையில் வாடகைக்குப் போய்த் திரும்பிய உடைகளை மாலையில் வெறுங்கையோடு வாளியில் அமிழ்த்தினேன். ஒரு உடையின் தோள்பட்டையில் காய்ந்து நூல்போல ஒட்டியிருந்த இழை, நல்ல தண்ணீர் பட்டதும் என் மூன்று விரல்களிலும் உள்ளங்கையிலும் கொட்டியது. உயிர் போன ஜெல்லி மீனும், உடலிலிருந்து அறுந்த இழையும், காய்ந்து மீண்டும் நனைந்த இழையும்கூடக் கொட்டக்கூடியவை என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். அந்தக் கடையில் கையுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. மறுநாள் நானே போய் வாங்கி வந்தேன். எனவே முகவரிடம் கேளுங்கள்: முந்தைய ஆள் கழற்றிய உடையை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? முதலில் வினிகரில் நனைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, மென்மையான சோப்பு நீரில் ஊறவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் முழுமையாகக் காயவிடுகிறோம் என்ற வகையில் பதில் வந்தால் நிம்மதியாக எடுக்கலாம். அடுத்தடுத்த நாள் ஈரத்தோடு கைமாறும் உடையில் பூஞ்சை வாடை அடிக்கும். படர்தாமரையும் சிரங்கும் பரவ ஈரத்துணி நல்ல வாகனம். சுத்தமாகத் தெரிந்தாலும், உள்ளே பிள்ளைகள் தங்கள் சொந்த மெல்லிய உள்ளுடையை அணிந்திருப்பதை நான் வலியுறுத்துவேன்.

தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தோட்டப்புறப் பெண்கள் கடலுக்குப் போனால் பாதிப்பேர் கரையிலேயே சோற்றுப் பானைக்குக் காவல் இருப்பார்கள், மீதிப்பேர் பஞ்சாபி உடையோடோ, டீ சட்டையும் நீளக் காற்சட்டையுமாகவோ இடுப்பளவு நீரில் நிற்பார்கள். நனைந்த பருத்தித் துணி கனக்கும். அலை இழுக்கும்போது காலைச் சுற்றிக்கொள்ளும். இழைகள் நுழைய எல்லாப் பக்கமும் வாசல் திறந்திருக்கும். முழு உடலுடை வந்த பிறகு, தலைமுறையாகக் கரையில் உட்கார்ந்திருந்த அக்காமார் பலர் முதன்முறையாகத் தலை நனைய நீந்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் மறைப்பு வேண்டும் என்ற அவர்களின் கூச்சத்துக்கும் அது விடையாக அமைந்தது. முஸ்லிம் பெண்களுக்கென்று நம் நாட்டுக் கடைகளில் எங்கும் கிடைக்கும் முழு நீச்சலுடையை யார் வேண்டுமானாலும் வாங்கி அணியலாம். அதன் தலைமறைப்பு கழுத்தையும் காதையும் சேர்த்தே மூடுவது கூடுதல் நன்மை. ஆனால் இடுப்புக்குக் கீழே பாவாடைபோல் விரியும் மேற்சட்டை தளர்வாக இருந்தால், அதன் அடியில் ஒட்டிய காற்சட்டை கணுக்கால் வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: லைக்ரா உடை மிதக்காது. தடித்த ரப்பர் நுரை உடைகள் சற்றே மிதக்கும், அதை வைத்து இதுவும் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீந்தத் தெரியாதவர் இந்த உடைக்கு மேல் மிதவைச் சட்டையும் அணிந்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கான நிறத்தில் கவனமாக இருங்கள். வாடகைக் கடைகளில் கருப்பும் கருநீலமுமே அதிகம், ஏனென்றால் அழுக்குத் தெரியாது. ஆனால் 30 பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஆசிரியருக்குக் கருநீல உடை பச்சைத் தண்ணீரில் மறைந்துபோகும். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நிறத்தொப்பியாவது அணிவியுங்கள்.

வெயிலைப் பொறுத்தவரை கணக்கு எளிது. துணி எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதைக் காட்டும் அளவீடு யூபிஎஃப். யூபிஎஃப் 50 என்று முத்திரையிட்ட துணி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 2 விழுக்காட்டை மட்டுமே உள்ளே விடும். வெள்ளைப் பருத்திச் சட்டையின் மதிப்பு உலர்ந்த நிலையில் 7 அளவில் இருக்கும், நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். துணிகளுக்கு இந்த அளவீட்டை முதலில் தரப்படுத்தியது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும், 1996இல். தண்ணீருக்குள் இருந்தால் வெயில் படாது என்பது நம்மிடையே ஆழமாக ஊறிய தவறான எண்ணம். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் விழும் புற ஊதாக் கதிரின் 40 விழுக்காடு எட்டுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முகத்தை நீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் மிதக்கும் பிள்ளைக்குப் பின்கழுத்தும், கெண்டைக்காலும், இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளையானால் தலை வகிடும் வெந்துவிடும், குளிர்ந்த நீரில் அது தெரியாது. கருத்த தோலுக்குச் சுடாது என்று பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நமக்கும் சுடும், சிவப்பது மட்டும் கண்ணுக்கு எளிதாகத் தெரிவதில்லை. உடை மூடாத முகம், கை, பாதம் ஆகியவற்றுக்குப் பூச்சு வேண்டும், தண்ணீரை விட்டு ஏறும்போதெல்லாம் மீண்டும் பூச வேண்டும். முழு உடையோடு பகல் நேரத்தில் கரையில் ஓடி விளையாடினால் உடல் சூடேறும் என்பதால், அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க வையுங்கள்.

உங்கள் அக்கா குடும்பத்துக்கான பதில் வேறு. கேர்ன்ஸ் அமைந்திருக்கும் வட குயின்ஸ்லாந்தில் கொட்டும் காலம் நவம்பர் முதல் மே வரை என்று சொல்லப்படுகிறது. டிசம்பர் அதற்குள் விழுகிறது. அங்கே பெரிய பெட்டி ஜெல்லி மீனான சைரோனெக்ஸ் ஃப்ளெக்கெரி, ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வரை இழைகளைப் பரப்பக்கூடியது. கடுமையாகக் கொட்டினால் சில நிமிடங்களிலேயே இதயத்தை நிறுத்திவிடும். அதோடு இருகாஞ்சி என்ற, ஒரு சென்டிமீட்டர் அளவே உடல் கொண்ட வகையும் உண்டு. அது கொட்டிய இடத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனால் அரை மணி நேரத்துக்குள் முதுகுவலி, வாந்தி, வியர்வை, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் என்று வரிசையாகத் தொடங்கும். இந்தத் துன்பத்துக்கு இதுவே காரணம் என்று காட்ட, ஜாக் பார்ன்ஸ் என்ற கேர்ன்ஸ் மருத்துவர் 1961இல் அதைத் தன்மீதும், தன் ஒன்பது வயது மகன்மீதும், ஒரு கடற்கரைக் காவலர்மீதும் கொட்டவைத்துப் பார்த்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கரையில் கட்டியிருக்கும் வலைகள் பெரிய வகையைத் தடுக்கும், இருகாஞ்சியின் அளவுக்கு அந்த வலைக்கண்கள் பெரியவை. ஆகவே அந்தக் காலத்தில் பவளப்பாறைக்குப் போகும் படகுகளில் காப்புடை அணிவது அங்கே அன்றாட வழக்கம். படகிலேயே உடை கொடுக்கிறார்கள், சில நிறுவனங்கள் கட்டணத்தோடு சேர்த்தும் சில தனி வாடகைக்கும். அங்கே வாடகைக்கு எடுப்பதே சரி, கொண்டுபோக வேண்டியதில்லை. கையையும் தலையையும் மூடும் வகையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நம் பள்ளிக்கு மட்டும் நான் வாங்கச் சொல்வேன். 42 பேருக்கு 15 வெள்ளி வீதம் 630 வெள்ளி ஒரே நாளில் போய்விடும், மாலையில் கையில் எதுவும் மிஞ்சாது. அந்தத் தொகையோடு கோயில் இளைஞர் மன்றத்திடமோ பழைய மாணவர்களிடமோ கொஞ்சம் சேர்த்து, சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிள்ளைகளுக்கான முழு நீச்சலுடைகளை வாங்கிப் பள்ளியின் சொத்தாக வைத்துக்கொள்ளலாம். ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளை கழற்றியதை நான்காம் ஆண்டுப் பிள்ளை அடுத்த ஆண்டு அணிவான், சட்டையையும் புத்தகத்தையும் இப்படிக் கைமாற்றித்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம். தாய்மார்களுக்கு வேண்டுமானால் இம்முறை வாடகைக்கு எடுங்கள். பிடித்தவர்கள் பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்வார்கள்.

உடை அணிந்தாலும் முகமும் கையும் பாதமும் வெளியேதான் இருக்கும் என்பதால் வினிகர் இல்லாமல் போகாதீர்கள். சமையலுக்கு வாங்கும் சாதாரண வினிகரே போதும், மளிகைக் கடையில் சுக்கா என்று கேட்டால் தருவார்கள். பெரிய போத்தல் இரண்டை எடுத்துச் சென்று, பேருந்திலோ சாப்பாட்டுக் கூடையிலோ வைக்காமல், பிள்ளைகள் நீரில் இறங்கும் இடத்திலேயே ஒரு ஆசிரியரின் காலடியில் வையுங்கள். தாய்லாந்தின் கோ சமுய், கோ பாங்ஙான் தீவுகளில் கடற்கரையிலேயே கம்பம் நட்டு வினிகர் போத்தல் வைத்திருப்பது இந்த அவசரத்துக்காகத்தான். யாருக்காவது கொட்டினால் உடனே கரைக்குத் தூக்கி வாருங்கள். தேய்க்க விடாதீர்கள், மணலைப் போடாதீர்கள், நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள், சிறுநீர் ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கொட்டிய இடம் முழுவதும் குறைந்தது 30 விநாடி வினிகரை ஊற்றிய பிறகே ஒட்டியிருக்கும் இழைகளை எடுங்கள். வினிகர் வலியைக் குறைக்காது, இன்னும் வெடிக்காத உறைகளை வெடிக்காமல் நிறுத்தும், அவ்வளவே. மூச்சுத் திணறல், மயக்கம், உடலின் பெரும் பகுதியில் தழும்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒருவர் 999க்கு அழைத்துக்கொண்டிருக்க, மூச்சு நின்றால் இன்னொருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இந்த இருவர் யார் யார் என்பதைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கரையேறியதும் உடையை அவசரமாக உருவாதீர்கள். உடையின்மேல் கண்ணாடி நூல்போல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வினிகரை ஊற்றிய பிறகே கழற்றுங்கள், ஏனென்றால் கழற்றும்போது அது முகத்தின் மேல் உரசிக்கொண்டு போகும். எதுவும் ஒட்டியிராவிட்டால், நல்ல தண்ணீர்க் குழாயடியில் நிற்பதற்கு முன் உடையைக் கழற்றிவிட வேண்டும். வெப்பக் கடல்களில் மிதக்கும் சில ஜெல்லி மீன் குஞ்சுகள் மிளகுத்தூள் அளவில் இருப்பதால் இறுக்கமான துணிக்கும் தோலுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும், உடையோடு குளித்தால் அந்த நல்ல தண்ணீரே அவற்றைக் கொட்டத் தூண்டும், அன்றிரவு இடுப்பைச் சுற்றியும் அக்குளிலும் சிவந்த தடிப்புகள் வரும். பங்கோரில் இறங்கியதும் முதல் வேலையாக, அன்று காலையில் கடலுக்குப் போய்வந்த படகுக்காரர் ஒருவரிடம், இன்றைக்கு அம்பாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று அவர் சொன்னால், எவ்வளவு நல்ல உடை கையில் இருந்தாலும் பிள்ளைகளை நீரில் இறக்காமல் கரையிலேயே விளையாட வையுங்கள்.